மாறிகளுக்கு ஒரு காவல்: ஸ்கிரிப்ட் மொழியில் அடிப்படை வகுப்புகளின் உபயோகம்

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், எலெக்ட்ரானிக்ஸ் சிட்டியை அடுத்து அமைந்துள்ள ஊர் ஹெப்பகோடி. ராகி விளையும் ஆனேக்கல் தாலுகாவைச் சேர்ந்த இவ்வூர், இன்று தொழிற்சாலைகளும் கணிப்பொறி நிறுவனங்களும் சூழ்ந்த நகராக வளர்ந்துள்ளது. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் முதல் மெட்ரோ ரயிலும் இவ்வூர் வழியே ஓடுகிறது. எனினும், மழையை அளப்பதும் அளந்ததை எழுதி வைப்பதும் அன்று எவ்வளவு அவசியமாக இருந்தனவோ, அவ்வளவு அவசியமாகவே இன்றும் உள்ளன. ஏரி நிரம்புமா, சாலையில் நீர் தேங்குமா, ஆழ்துளைக் கிணற்றில் நீர் ஊறுமா என்னும் கேள்விகளுக்கு விடை காண்பவர் முதலில் நாடுவது மழைக் கணக்கையே.

உதாரணத்துக்காக, ஹெப்பகோடியில் ஒரு பள்ளி மைதானத்தில் மழைமானி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்திய வானிலைத் துறையின் வழக்கப்படி நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அதிலுள்ள நீர் அளக்கப்படுகிறது. ஆசிரியர் அளவைப் படித்துச் சொல்கிறார். மற்றொருவர் அதைக் கணிப்பொறியில் பதிகிறார். மாத இறுதியில் ஒரு சிறு நிரல் அவ்வளவுகளைக் கூட்டித் தருகிறது. ஒரு நாள் 10.2 மில்லிமீட்டர் என்று பதியவேண்டிய இடத்தில், பூஜ்யத்துக்குப் பதிலாக, வடிவில் அதனை ஒத்த ஆங்கில 'ஓ' எழுத்து விழுந்துவிடுகிறது. காகிதப் பதிவேட்டில் இத்தகைய பிழையால் கேடு ஒன்றுமில்லை. படிப்பவர் அதைப் பூஜ்யமென்றே படிப்பார். ஆனால் பெர்ல் என்னும் மொழியில் எழுதப்பட்ட நிரல் அவ்வாறு செய்வதில்லை. அது எண்ணாக உள்ள பகுதியை மட்டும் படித்து, எழுத்து வந்த இடத்தில் நின்று, எஞ்சியதைத் தள்ளிவிட்டு, 1 என்று கணக்கிடுகிறது. 9.2 மில்லிமீட்டர் மழை கணக்கிலிருந்து மறைந்துபோகிறது. எச்சரிக்கை வசதியை இயக்கி வைத்திருந்தால் திரையில் ஒரு வரி தோன்றும். இல்லையேல் அதுவும் தோன்றாது.

இப்பிழையை எந்த இடத்தில் தடுப்பது? நிரலில் மழையளவைத் தாங்கி நிற்கும் மாறியின் வாசலிலேயே தடுக்கலாம் என்பதும், அதற்கான காவலை ஒருமுறை மட்டுமே எழுதினால் போதும் என்பதும் இக்கட்டுரையில் விளக்கப்படும்.

மாறியின் இயல்பு

நிரலில் ஒரு மதிப்பைப் பெயரிட்டு வைத்துக்கொள்ளும் இடத்துக்கு மாறி என்று பெயர். சி முதலிய மொழிகளில், ஒரு மாறி எவ்வகை மதிப்பை ஏற்கும் என்பதை முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும். முழு எண்ணுக்கென்று அறிவிக்கப்பட்ட மாறியில் பெயர்ச்சொல்லை வைக்க முயன்றால், நிரல் ஓடத் தொடங்குமுன்னரே பெரும்பாலும் பிழை தெரிந்துவிடும். ஸ்கிரிப்ட் மொழிகள் எனப்படும் பெர்ல், பைத்தான் முதலியவற்றில் இக்கட்டுப்பாடு இல்லை. இன்று எண்ணைத் தாங்கிய மாறி நாளை ஒரு வாக்கியத்தைத் தாங்கலாம்.

இத்தாராளம் காரணமின்றி ஏற்பட்டதன்று. லாரி வால் என்பவர் பெர்ல் மொழியை 1987-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் வெளியிட்டபோது, நீண்ட கோப்புகளிலிருந்து வேண்டிய செய்திகளைப் பிரித்தெடுத்து அறிக்கைகளாகத் தொகுப்பதையே அதன் முக்கியப் பணியாகக் கொண்டார். அத்தகைய பணியில் எழுத்தும் எண்ணும் கலந்தே வரும். ஆகையால், எது வந்தாலும் ஏற்றுக்கொண்டு, தேவையானபோது எண்ணாகவோ எழுத்தாகவோ மாற்றிக்கொள்ளும் மாறிகள் வசதியாக இருந்தன. பத்து வரிகளில் ஒரு பயனுள்ள நிரலை எழுதிவிட முடிந்தது.

ஆனால் இதே தாராளம், அளவுகளைப் பதிவு செய்யும் இடத்தில் தீங்காக முடிகிறது. மழையளவு எதிர்மறை எண்ணாக இருக்க முடியாது என்பது மாறிக்குத் தெரியாது. அங்குலத்துக்கும் மில்லிமீட்டருக்கும் உள்ள வேறுபாடும் தெரியாது. இவை எல்லாவற்றிலும் கேடு மிகுந்தது யாதெனில், மதிப்பு எதுவும் வைக்கப்படாத மாறியைக் கூட்டலில் சேர்த்தால் பெர்ல் அதைப் பூஜ்யம் என்றே கொள்கிறது. மழை பெய்யாத நாளும், அளவெடுப்பவர் விடுப்பில் இருந்த நாளும் ஒன்றாகிவிடுகின்றன. முன்னது ஒரு விஞ்ஞான உண்மை. பின்னது நமது அறியாமை. இரண்டையும் ஒரே எண்ணால் எழுதிய கணக்கை நம்பி ஓர் அணைக்கட்டையோ வடிகாலையோ திட்டமிடுவது எவ்வளவு அபாயகரமானது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

மதிப்பு எழுதப்படும் ஒவ்வோர் இடத்திலும் சோதனை வரிகளைச் சேர்த்துவிடலாம் என்று தோன்றலாம். ஆனால் நிரல் வளர வளர, மழையளவு கையால் பதியப்படுவதோடன்றி, பழைய கோப்பிலிருந்தும், தானியங்கி மழைமானியிலிருந்தும், அண்டை நிலையத்தின் பட்டியலிலிருந்தும் வந்து சேரத் தொடங்கும். ஐந்து இடங்களில் நான்கில் சோதனை இருந்து, ஐந்தாவதில் மறந்துபோனால், பிழை அந்த ஐந்தாவது வழியாகவே உள்ளே வரும். கரையின் ஓரிடத்தில் உடைப்பு இருப்பின், மற்ற இடங்களில் கரை எவ்வளவு உயர்ந்திருந்தும் பயனில்லை.

பிணைத்தல் என்னும் ஏற்பாடு

1994-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் வெளியான பெர்ல் மொழியின் ஐந்தாம் பதிப்பில், 'டை' என்னும் ஏவல் ஒன்று அமைக்கப்பட்டது. 'டை' என்றால் கட்டுதல், பிணைத்தல் என்பது பொருள். இந்த ஏவல், ஒரு சாதாரண மாறியை நாம் எழுதிய ஒரு வகுப்போடு பிணைத்துவிடுகிறது. வகுப்பு என்பது, ஒருவகைப் பொருள்கள் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதைக் கூறும் செயல்முறைகளின் தொகுதியாகும்.

அரசு அலுவலகத்தில் தபால்கள் கையாளப்படும் முறையை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். உள்ளே வரும் கடிதம் நேராக அதிகாரியின் மேசைக்குப் போவதில்லை. பதிவு எழுத்தர் அதை வாங்கி, தேதியிட்டு, எண் கொடுத்து, உரிய கோப்பில் சேர்க்கிறார். வெளியே செல்லும் கடிதமும் அவர் வழியாகவே செல்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது 'அலுவலகம்' மட்டுமே; உள்ளே எழுத்தர் ஒருவர் இருப்பது அவர் அறியவேண்டிய செய்தியன்று.

பிணைக்கப்பட்ட மாறியும் அத்தகையதே. நிரலில் அதன் தோற்றம் சற்றும் மாறுவதில்லை. முன்போலவே அதில் மதிப்பை எழுதலாம், படிக்கலாம். ஆனால் எழுதும் ஒவ்வொரு தடவையும் 'ஸ்டோர்' என்னும் செயல்முறையும், படிக்கும் ஒவ்வொரு தடவையும் 'ஃபெட்ச்' என்னும் செயல்முறையும் தாமாகவே அழைக்கப்படுகின்றன. பிணைப்பு ஏற்படும் வேளையில் 'டைஸ்கேலர்' என்னும் செயல்முறை அழைக்கப்பட்டு, மாறியின் பின்னே நின்று பணிபுரியும் பொருளை உருவாக்கித் தருகிறது. ஸ்கேலர் என்பது ஒரே மதிப்பைத் தாங்கும் மாறிக்குப் பெர்ல் மொழியில் வழங்கும் பெயர். பின்னே நிற்கும் அப்பொருளோடு நேராகப் பேச வேண்டுமாயின் 'டைட்' என்னும் ஏவலும், பிணைப்பை அவிழ்க்க 'அன்டை' என்னும் ஏவலும் உள்ளன.

இதனால் விளையும் நன்மை யாதெனில், முன்னர் எழுதப்பட்ட நிரலில் மாறி பயன்படும் வரிகளைத் திருத்த வேண்டியதில்லை. மாறியை ஒருமுறை பிணைத்துவிட்டால், ஐந்து இடங்களிலிருந்தும் வரும் மதிப்புகள் அதே எழுத்தரின் கையைக் கடந்துதான் உள்ளே செல்லும்.

அடிப்படை வகுப்பு எதற்கு?

மழைக்கு ஓர் எழுத்தர், வெப்பநிலைக்கு ஓர் எழுத்தர், காற்றின் வேகத்துக்கு ஓர் எழுத்தர் என்று ஒவ்வொன்றுக்கும் எல்லாச் செயல்முறைகளையும் புதிதாக எழுதுவது வீண் உழைப்பாகும். ஒரே மதிப்புள்ள மாறிக்கு மூன்று செயல்முறைகள் போதும்; ஆனால் பல மதிப்புகளை வரிசையாகத் தாங்கும் அணிக்கும், தேதி போன்ற சாவியைக் கொண்டு மதிப்பைத் தேடும் ஹாஷ் என்னும் அட்டவணைக்கும், சேர்த்தல், நீக்குதல், துடைத்தல், அடுத்ததைக் காட்டுதல் எனப் பல செயல்முறைகள் தேவைப்படும். அவற்றுள் ஒன்று விடுபட்டாலும், அது அழைக்கப்படும் வேளையில் நிரல் நின்றுவிடும்.

இங்கேதான் அடிப்படை வகுப்பு உதவுகிறது. எல்லா அலுவலகங்களுக்கும் பொதுவான நடைமுறை விதிகள் தொகுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு புதிய அலுவலகம் திறக்கப்படும்போது அவ்விதிகள் முழுவதும் மீண்டும் எழுதப்படுவதில்லை. 'பொது விதிகளே இங்கும் செல்லும். பின்வரும் ஒரு விதி மட்டும் மாற்றப்படுகிறது' என்று ஓர் ஆணை பிறப்பித்தால் போதும். அதுபோல, ஒரு வகுப்பு மற்றொரு வகுப்பைத் தனக்கு அடிப்படையாக அறிவித்துவிட்டால், பின்னதன் செயல்முறைகள் எல்லாம் முன்னதற்கு மரபாக வந்து சேர்கின்றன. மாற்ற வேண்டியதை மட்டும் புதிதாக எழுதினால் போதும்.

பெர்ல் மொழியுடன் சேர்த்தே இத்தகைய அடிப்படை வகுப்புகள் வழங்கப்படுகின்றன. அவை இருவகைப்படும். 'டை::ஸ்கேலர்', 'டை::அரே', 'டை::ஹாஷ்' என்பவை முதல் வகை. இவற்றைச் சட்டக வகுப்புகள் எனலாம். இவை மதிப்பைத் தாமாகச் சேமித்து வைப்பதில்லை. முக்கியமான செயல்முறைகளை எழுதும் பொறுப்பை நம்மிடம் விட்டுவிட்டு, அவற்றைக்கொண்டு செய்யக்கூடிய ஏனையவற்றைத் தாம் செய்து தருகின்றன. இரண்டாம் வகையைச் சேர்ந்தவை 'டை::எஸ்டிடி-ஸ்கேலர்', 'டை::எஸ்டிடி-அரே', 'டை::எஸ்டிடி-ஹாஷ்' என்பவை. இவை நிறைவு வகுப்புகள். எல்லாச் செயல்முறைகளும் இவற்றில் எழுதப்பட்டே உள்ளன. இவற்றோடு பிணைக்கப்பட்ட மாறி, சாதாரண மாறியைப் போலவே நடந்துகொள்ளும். புதியவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: நிறைவு ஸ்கேலருக்கெனத் தனிக் கோப்பைத் தேடலாகாது, சட்டக ஸ்கேலர் இருக்கும் கோப்பிலேயே அதுவும் அடங்கியுள்ளது.

மழை மாறி அமைக்கும் முறை

ஹெப்பகோடிப் பள்ளியின் மழையளவுக்கு இனி ஒரு வகுப்பை அமைப்போம். அதற்கு 'மழையளவு' என்று பெயரிட்டு, நிறைவு ஸ்கேலரை அடிப்படையாக அறிவிக்கிறோம். எழுதும் செயல்முறையான 'ஸ்டோர்' ஒன்றை மட்டும் மாற்றுகிறோம். அது செய்யவேண்டிய பணிகள் வரிசையாகப் பின்வருமாறு:

1. வந்த மதிப்பு முழுவதும் எண்தானா என்று பார்த்தல். இடையில் எழுத்தோ காற்புள்ளியோ இருந்தால் பிழை அறிவித்து நிறுத்துதல்.

2. எண் பூஜ்யத்துக்குக் குறைவாயின் பிழை அறிவித்து நிறுத்துதல்.

3. இரண்டு சோதனைகளிலும் தேறிய மதிப்பை, அடிப்படை வகுப்பின் 'ஸ்டோர்' செயல்முறையிடம் ஒப்படைத்தல்.

மூன்றாவது படி கவனத்துக்குரியது. சேமிக்கும் பணியை நாம் செய்வதில்லை; அதை அறிந்த அடிப்படை வகுப்பே செய்கிறது. நமது விதி, பொது விதியை அழிக்காமல் அதன்முன் நிற்கிறது. படிக்கும் செயல்முறையை நாம் தொடவே இல்லை. அது மரபாக வந்தபடியே இயங்குகிறது. பத்து வரிகளுக்குள் அடங்கும் இவ்வகுப்பு, முதலில் கூறிய 'ஓ' எழுத்துப் பிழையைப் பதிவின்போதே பிடித்துவிடும். மழைமானியின் அளவுக் குவளை இன்னும் கையில் இருக்கும்போதே பிழை தெரிந்தால் மீண்டும் படித்துத் திருத்தலாம். மாத இறுதியில் தெரிந்தால் திருத்துவதற்கு நீர் இராது.

அளக்கப்படாத நாளைப் பூஜ்யமாகக் கொள்வதைத் தடுக்க வேண்டுமாயின், 'ஃபெட்ச்' செயல்முறையையும் மாற்ற வேண்டும். மதிப்பு வைக்கப்படாத நிலையில் எவரேனும் படிக்க முற்பட்டால், 'இந்நாளுக்கு அளவு இல்லை' என்று அறிவித்து நிறுத்துமாறு அதை எழுதலாம். கூட்டல் நிரல் அப்போது இடைவெளியை மறைத்துவிட்டுப் போக முடியாது. அதை எண்ணி, மாத அறிக்கையில் 'இத்தனை நாட்கள் அளக்கப்படவில்லை' என்று காட்டியே ஆக வேண்டும்.

பழைய பதிவேடுகளைக் கணிப்பொறியில் ஏற்றும் பணியில் அலகு மாற்றமும் சேரும். நமது நாட்டில் மெட்ரிக் அளவுமுறைக்கான சட்டம் 1956-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதற்கு முற்பட்ட மழைப் பதிவேடுகள் அங்குலத்தில் எழுதப்பட்டவை. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டருக்குச் சமம். 'அங்குலம்' என்னும் குறியோடு வரும் மதிப்பை 25.4-ஆல் பெருக்கிச் சேமிக்கும் விதியை 'ஸ்டோர்' செயல்முறையில் சேர்த்துவிட்டால், நிரலின் மற்றப் பகுதிகள் மில்லிமீட்டரை மட்டும் அறிந்தால் போதும். அலகுக் குழப்பத்தை அற்பமாக எண்ணலாகாது. 1999-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அமெரிக்காவின் செவ்வாய் விண்கலம் ஒன்று அழிந்ததற்குக் காரணம், ஒரு நிரல் பவுண்டு அலகில் தந்த எண்ணை மற்றொரு நிரல் மெட்ரிக் அலகாகக் கொண்டதே.

பின்வாசல்

இதுவரை கூறியதைக் கேட்டு, 'ஸ்டோர்' செயல்முறையை மாற்றிவிட்டால் காவல் முடிந்துவிட்டது என்று எண்ணுவோர் ஓரிடத்தில் ஏமாறுவர். மாதத்தின் அளவுகளை வரிசையாகத் தாங்கும் ஓர் அணியை அமைப்பதாகக் கொள்வோம். நிறைவு அணியை அடிப்படையாகக் கொண்டு, முன்போலவே 'ஸ்டோர்' ஒன்றை மட்டும் மாற்றுகிறோம். 'ஐந்தாம் இடத்தில் இம்மதிப்பை வை' என்று நிரல் கூறும்போது காவல் சரியாகவே இயங்கும். ஆனால் 'இறுதியில் இம்மதிப்பைச் சேர்' என்று கூறும் 'புஷ்' என்னும் ஏவலை உபயோகித்தால், மதிப்பு எவ்விதச் சோதனையுமின்றி உள்ளே சென்றுவிடும்.

காரணம் இதுதான். நிறைவு அணியில் 'புஷ்' செயல்முறை தனியாகவே எழுதப்பட்டுள்ளது. விரைவாகச் செயல்படும்பொருட்டு, அது 'ஸ்டோர்' செயல்முறையை அழைக்காமல் தானே நேராக மதிப்பைச் சேர்த்துவிடுகிறது. முன்னால் சேர்க்கும் 'அன்ஷிஃப்ட்', இடையில் செருகும் 'ஸ்பிளைஸ்' என்பனவும் அவ்வாறே. முன்வாசலில் எழுத்தர் அமர்ந்திருக்க, கடிதங்கள் பின்வாசல் வழியே நேராக அதிகாரியின் மேசைக்குச் செல்வதை இது ஒக்கும்.

சட்டக அணி இதற்கு மாறானது. அதில் 'புஷ்' செயல்முறை, நாம் எழுதிய 'ஸ்டோர்' செயல்முறையை அழைத்தே ஒவ்வொரு மதிப்பையும் வைக்கிறது. ஆகையால், காவல் வேண்டுமிடத்தில் சற்று அதிக உழைப்பாயினும் சட்டக வகுப்பை அடிப்படையாகக் கொள்வதே உத்தமம். அல்லது நிறைவு வகுப்பின் எல்லா வாசல்களையும் ஒவ்வொன்றாக அடைத்தாக வேண்டும். அடிப்படை வகுப்பிலிருந்து மரபாக வருவது உழைப்பின் மிச்சம் மட்டுமன்று. அவ்வகுப்பை எழுதியவர் செய்த முடிவுகளும் உடன் வருகின்றன. அவற்றைப் படித்தறியாமல் ஏற்பது நன்றன்று.

இந்நிலை பெர்ல் மொழிக்கு மட்டும் உரியதன்று. தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் இடம்பெற்றுள்ள பைத்தான் மொழியிலும் இதுவே நிகழ்கிறது. பைத்தானில் எழுத்து கலந்த மதிப்பை எண்ணாக மாற்றச் சொன்னால் அம்மொழி மறுத்துப் பிழை அறிவிக்கும். ஆயினும் எதிர்மறை மழையையோ அங்குலத்தையோ அது அறியாது. எனவே அங்கும் காவல் தேவை. 2001-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த பைத்தான் 2.2 பதிப்பு முதல், ஒரு பொருளின் பண்பைப் படிப்பதையும் எழுதுவதையும் இடைமறித்து நடத்தும் 'டிஸ்கிரிப்டர்' என்னும் ஏற்பாடு உள்ளது. அதையும் ஒரு பொதுவான அடிப்படை வகுப்பாக எழுதி, மழைக்கும் வெப்பநிலைக்கும் தனித்தனி விதிகளைச் சேர்க்கலாம். ஆனால் 'டிக்ட்' என்னும் அட்டவணை வகுப்பை அடிப்படையாகக் கொண்டு, ஒரு சாவிக்கு மதிப்பை வைக்கும் செயல்முறையை மட்டும் மாற்றினால், பல மதிப்புகளை ஒருங்கே சேர்க்கும் 'அப்டேட்' செயல்முறை அதைக் கடந்து செல்லாமல் நேராக எழுதிவிடும். இக்குறை நேராதிருக்க, 'யூசர்டிக்ட்' என்னும் வேறொரு வகுப்பை அடிப்படையாகக் கொள்வது வழக்கம். அதில் 'அப்டேட்' செயல்முறையும் நமது காவல் வழியாகவே செல்லும்.

எதைத் தடுப்பது, எதைக் குறிப்பது?

காவலின் நுட்பத்தைக் காட்டிலும் அது எதைத் தடுக்கவேண்டும் என்பதே கடினமான கேள்வியாகும். எண்ணல்லாததையும் எதிர்மறை எண்ணையும் மழையளவாக ஏற்க இயலாது. அவற்றைத் தடுப்பதில் ஐயமில்லை. ஆனால் மேல் வரம்பு ஒன்றை வைத்து, அதற்கு மேற்பட்டதைத் தடுக்கலாமா?

பெங்களூரின் வரலாறே இதற்கு விடை தருகிறது. 1891-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் நகரில் 101.6 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. இது சரியாக நான்கு அங்குலமாகும். ஜூன் மாதத்தில் ஒரே நாளில் பெய்த மழைகளுள் இதுவே மிகப்பெரியதாக 133 ஆண்டுகள் நிலைத்திருந்தது. இந்நீண்ட அனுபவத்தை நம்பி, ஜூன் மாதத்துக்கு மேல் வரம்பு 101.6 என்று ஒருவர் தமது வகுப்பில் எழுதியிருந்தால், அவரை எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். 2024-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள் பெங்களூரில் 111.1 மில்லிமீட்டர் மழை பெய்தது. அத்தகைய காவல் இருந்திருப்பின், அந்நூற்றாண்டுச் சாதனையை முறியடித்த உண்மையான அளவைப் பிழையெனத் தள்ளியிருக்கும். எந்த ஒரு நாளுக்காக மழைக் கணக்கு வைக்கப்படுகிறதோ, அந்த நாளே கணக்கில் இல்லாமற் போயிருக்கும்.

உலக விஞ்ஞான வரலாற்றிலும் இதை ஒத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. அண்டார்க்டிகாவின் மேல் ஓசோன் படலம் பெரிதும் குறைந்துவருவதை, தரையிலிருந்த கருவியைக் கொண்டு ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் என்னும் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் கண்டறிந்து 1985-ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியிட்டனர். அதற்குமுன்னரே நிம்பஸ்-7 என்னும் செயற்கைக்கோள் அக்குறைந்த அளவுகளை எடுத்து அனுப்பியிருந்தது. ஆனால் 180 டாப்சன் அலகுக்குக் குறைந்த அளவுகள் ஐயத்துக்குரியவை என்று அதன் நிரல் குறியிட்டு ஒதுக்கி வைத்திருந்தது. இதில் ஆறுதலான செய்தி யாதெனில், அந்நிரல் அவ்வளவுகளைக் குறியிட்டதேயன்றி அழித்துவிடவில்லை. ஆகையால் அவற்றை மீண்டும் எடுத்துப் பார்த்து, ஓசோன் குறைவு கண்டம் முழுவதும் பரவியிருந்ததை உறுதிசெய்ய முடிந்தது.

இவற்றிலிருந்து பெறப்படும் விதி எளியது: இருக்கவே முடியாததைத் தடுக்க வேண்டும், இருப்பது அரிதானதைக் குறிக்க வேண்டும், வந்தது எதுவாயினும் அதன் மூல வடிவத்தை அழிக்கலாகாது. 12.4 என்பதைப் புள்ளி தவறி 124 என்று எழுதிவிட்டால், அது பெய்யக்கூடிய மழையே ஆதலால் எந்த வரம்பும் அதைத் தடுக்காது. ஐயக்குறி ஒன்று விழுந்து, ஒரு மனிதர் அண்டை நிலையங்களின் அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

மூல வடிவத்தையும் ஐயக்குறியையும் சேர்த்து வைக்க நிறைவு ஸ்கேலரில் இடமில்லை. அதன் பின்னே நிற்கும் பொருள் ஒரே மதிப்பை மட்டும் தாங்கும். ஆகையால் இத்தேவை உள்ளவர்கள் சட்டக ஸ்கேலரை அடிப்படையாகக் கொண்டு, மூன்று செயல்முறைகளையும் தாமே எழுதிக்கொள்ள வேண்டும். தேதிவாரியான அட்டவணையாயின், 'டை::எக்ஸ்ட்ரா-ஹாஷ்' என்னும் அடிப்படை வகுப்பு இதற்கென்றே உள்ளது. அது அட்டவணையின் அருகில் மற்றக் குறிப்புகளுக்கும் இடம் ஒதுக்கித் தருகிறது.

குறைகளும் எச்சரிக்கையும்

பிணைத்தல் முறைக்குக் குறைகளும் உண்டு. ஒவ்வொரு படிப்புக்கும் எழுத்துக்கும் ஒரு செயல்முறை அழைக்கப்படுவதால் வேகம் குறைகிறது. நாளுக்கு ஓர் அளவு பதியும் நிலையத்தில் இது பொருட்டன்று. இலட்சக்கணக்கான அளவுகளைத் திரும்பத் திரும்பக் கூட்டும் நிரலில் உணரப்படும். அத்தகைய இடத்தில், மதிப்புகளைக் காவல் வழியே ஒருமுறை உள்ளே கொணர்ந்து, பின்னர்ச் சாதாரண அணியில் படியெடுத்துக்கொண்டு கணக்கிடலாம்.

மற்றொரு குறை, மாறியின் தோற்றத்திலிருந்து அது பிணைக்கப்பட்டது என்று தெரியாமையாகும். சாதாரணக் கூட்டலாகத் தோன்றும் ஒரு வரி, பின்னணியில் கோப்பைத் திறக்கலாம்; பிழை அறிவித்து நிரலை நிறுத்தலாம். அடுத்து அப்பணிக்கு வருபவர் திகைத்து நிற்பார். ஆகையால், எம்மாறிகள் பிணைக்கப்பட்டுள்ளன, எவ்வகுப்போடு, எவ்விதிகளுக்காக என்பதை நிரலின் தொடக்கத்திலேயே எழுதி வைப்பது கடமையாகும். எழுத்தரின் பெயர்ப்பலகை வாசலில் இருக்க வேண்டும்.

ஆசிரியர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும்

வகுப்பறையில் இதைக் கற்பிக்க விரும்பும் ஆசிரியர், கணிப்பொறி இல்லாமலேயே தொடங்கலாம். ஒரு மாணவர் எழுத்தராக அமரட்டும். மற்றவர்கள் சீட்டுகளில் மழையளவை எழுதி அவரிடம் தரட்டும். சில சீட்டுகளில் எதிர்மறை எண்ணும், சிலவற்றில் அங்குலமும், சிலவற்றில் வெற்றிடமும் இருக்கட்டும். எழுத்தரின் கையில் பொது விதிகள் எழுதிய ஒரு தாளும், மழைக்கான தனி விதி எழுதிய மற்றொரு தாளும் கொடுக்கப்படட்டும். அடிப்படை வகுப்பு எது, அதிலிருந்து பிறந்த வகுப்பு எது என்பதை மாணவர்கள் தாமே கண்டுகொள்வார்கள். பின்னர் ஒரு மாணவர் எழுத்தரைக் கடந்து நேராகப் பெட்டியில் சீட்டைப் போடட்டும். பின்வாசலின் தீமையும் விளங்கிவிடும்.

களப்பணியாளர் பெரும்பாலும் நிரலை எழுதுவதில்லை. பிறர் எழுதிய நிரலில் அளவைப் பதிகிறார். ஆயினும் அவர் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று உண்டு. அளக்கப்படாத நாளை இந்நிரல் எவ்வாறு வைத்துக்கொள்கிறது? வழக்கத்துக்கு மாறான அளவு வந்தால் தள்ளுகிறதா, குறிக்கிறதா? நான் பதிந்த எண் மாற்றப்பட்டால் முதலில் பதிந்தது எங்கேனும் இருக்கிறதா? இம்மூன்றுக்கும் தெளிவான விடை கிடைக்காத நிரலில் பதியும்போது, காகிதப் பதிவேட்டையும் தவறாமல் எழுதி வருவது நலம்.

மழைமானியின் அருகில் நின்று அளவைக் கண்ணால் கண்டவர் அவர் ஒருவரே. அவர் கண்டதைப் பின்வருவோர் நம்பும்படி காப்பதற்கே மாறிக்குக் காவல் வைக்கிறோம். காவலின் கடுமையால் அவர் கண்டதே மறுக்கப்படுமாயின், காவலின் விதியைத் திருத்த வேண்டுமேயன்றி, மழையின் அளவைத் திருத்தலாகாது.